மருந்தைக் குடித்தது யார்?

"ரயில் ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை?" என்று ஊரில் கேலி செய்வார்கள். கப்பலில் சென்னை போய் இறங்குகிறவர்கள் மதுரைக்கும் நெல்லைக்கும் ரயில் ஏற வேண்டாமா? அந்த டிக்கெட் வேலைதான் எனக்கு.

சென்ற ஞாயிறு இரவு, ஹேடோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் "டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்" என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். ஊர் ஹேடோ, வில்லன் ஹைடு என்று சொல்லிச் சிரித்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் தம் இரண்டு பிள்ளைகளோடு வந்து வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார். அவர் கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. சம்பளம் வாங்கிய இரவுகளில், அவர் தூங்கும் வரை இந்த அம்மாள் இங்கேதான் இருப்பார்.

ஸ்டீவன்சன் எழுதி 1886-ம் ஆண்டில் வெளிவந்த கதை இது. பல முறை படமாகியிருக்கிறது. நாங்கள் பார்த்தது 1931-ம் ஆண்டுப் படம். டைரக்டர் ரூபன் மமூலியன். இரு வேடத்திலும் நடித்த பிரெடரிக் மார்ச்சுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படம் தொடங்கும்போது டாக்டரின் முகமே தெரியாது. காமிராதான் அவருடைய கண். அவர் கைகள் ஆர்கன் வாசிப்பதை நாம் பார்க்கிறோம். கண்ணாடி முன் வந்த பிறகுதான் முகம். "நீயும் இவன்தான்" என்று டைரக்டர் நம்மை உள்ளே தள்ளி விடுகிறார்!

முகம் மாறும் காட்சியில் பிள்ளைகள் அலறி விட்டார்கள். தந்திரம் சுலபமானது. நடிகர் முகத்தில் வண்ண மேக்கப். காமிராவுக்கு முன் வண்ணக் கண்ணாடி. கண்ணாடியின் நிறத்தை மாற்றினால், மறைந்திருந்த கோடுகள் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறம் காட்டிக் கொடுக்காது. இந்த ரகசியத்தை மமூலியன் பல ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை.

50 பவுண்டு

லண்டனில் டாக்டர் ஜெகில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் உத்தமர். மருந்தைக் குடித்தால் ஹைடு. அந்த ஹைடு, ஐவி என்ற பெண்ணை ஓர் அறையில் வைத்து அடிக்கிறான். பிறகு ஜெகில் மனம் நொந்து அவளுக்கு 50 பவுண்டு அனுப்புகிறார். அவள் நன்றி சொல்ல வந்து, முதுகுத் தழும்பைக் காட்டி அழுகிறாள். "இனி அவன் உன்னிடம் வரவே மாட்டான்" என்று வாக்குக் கொடுக்கிறார் ஜெகில்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "எங்க வீட்டுக்காரரும் காலையில இப்படித்தாண்ணே சொல்லுவாரு. காசும் குடுப்பாரு."

யாரும் பேசவில்லை. படத்தில், பூங்காவில் பூனை ஒரு பறவையைப் பிடிப்பதைப் பார்த்தபடியே, மருந்து இல்லாமலே ஜெகில் ஹைடாக மாறுகிறார். அன்றே ஐவி கொலையாகிறாள்.

நண்பர் மெல்ல, "பாவம், நல்ல மனுஷன். மருந்துதான் அவரைக் கெடுத்தது" என்றார்.

"அந்த மருந்தைக் குடிச்சது யாரு?" என்றார் அந்த அம்மாள்.

அம்பிக்கு நோய்

நம் படங்களில் இதை நோயாக்கி விட்டார்கள். 2005-ம் ஆண்டில் வந்த "அந்நியன்" படத்தில் அம்பி செய்தது அம்பிக்கே தெரியாது. அதே ஆண்டு "சந்திரமுகி"யில் கங்காவுக்கும் அப்படித்தான். நாம் அவர்களை மன்னித்து விட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். ஜெகிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. மருந்தைக் காய்ச்சியது அவர். ஹைடு செய்ததெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. "தண்ணி பேசிச்சு, நான் பேசலே" என்று நம் லைன் வீடுகளில் காலையில் கேட்கும் பேச்சை, அவர் சொல்ல முடியாது. கடைசியில் குண்டு பட்டு விழுந்தவன் முகம் ஜெகிலின் முகமாகவே மாறி விடுகிறது.

இதே கதையை 1981-ம் ஆண்டில் "செஹ்ரே பே செஹ்ரா" என்று இந்தியில் எடுத்தார்கள். நம் சிவாஜியின் "நவராத்திரி"யை இந்தியில் ஒன்பது வேடத்தில் நடித்த சஞ்சீவ் குமார்தான் அதிலும் கதாநாயகன். அடுத்த ஞாயிறு அதைப் போடலாம் என்றார் நண்பர். இந்தி என்றால் தீவில் எல்லோருக்கும் புரியும்.

தூங்கிப் போன சின்னவனைத் தோளில் போட்டுக் கொண்டு எழுந்த அம்மாள், "சாயங்காலமே போடுங்கண்ணே. அவரு தெளிவா இருக்கிற நேரமாப் பாத்து நான் கூட்டிட்டு வரேன்" என்றார்.