பாம்புச் சட்டையும் பானையின் ஈரமும்

கச்சான் வீசும் நாட்களில் எழுவான்கரை மக்களுக்கு உதடு வெடிப்பது புதிதன்று. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அமைந்த செட்டிபாளையத்திலுங்கூட, மத்திய மலைகளைக் கடந்து இறங்கும் அக்காற்று வெம்மையையும் வறட்சியையுமே கொண்டுவருகின்றது. நாம் எண்ணெய் தடவிக்கொள்வோம். அடைத்து வைக்கப்பட்ட பாம்பு என்ன செய்யும்?

வேடிக்கையான கேள்வியென்று வாசகர் தள்ளிவிட வேண்டாம். சட்டை உரிக்குமுன் பாம்பின் பழைய தோலுக்கும் புதிய தோலுக்குமிடையே ஒருவகை நீர் ஊறுகின்றது. அப்போது கண் பால்படர்ந்தாற்போல் மங்கும். பின் கண் தெளிந்து, சில நாட்களிற் சட்டை ஒரே உறையாய்க் கழலும். காற்று மிக உலர்ந்திருப்பின் அது துண்டுதுண்டாய் ஒட்டிக்கொள்ளும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழல வேண்டியதே. அது தங்கிவிட்டால் பார்வை கெடும். இதற்கு அஞ்சிக் கூட்டை நனைத்து வைத்தாலோ வயிற்றுச் செதில்களிற் கொப்புளம் தோன்றிப் புண்ணாகும். வேண்டுவது ஈரக்காற்று, ஈரத்தரையன்று.

மேல்நாடுகளிற் பாம்பு வளர்ப்போர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரமானி வைப்பர். மலைப்பாம்பு வகைகள் பலவற்றுக்கு நூற்றுக்கு 50 முதல் 70 வரையான ஈரப்பதன் பொருந்தும். கருவியை விளக்கருகிலோ நீர்க்கிண்ணத்தருகிலோ வைத்தால் அது பொய் சொல்லும். பாம்பு படுக்கும் இடத்திலேயே வைத்தல் வேண்டும். கருவியைச் சோதிக்க மாணவர்க்கு ஓர் எளிய வழி: கறியுப்பிற் சில துளி நீர்விட்டுச் சேறாக்கி, கருவியோடு இறுக மூடிய போத்தலில் ஓர் இரவு வைத்தால், அது 75 காட்ட வேண்டும். கருவி இல்லாதோர்க்கு இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுக. உலர்ந்தது 36 பாகையும் ஈரமானது 26 பாகையும் காட்டினால், ஈரப்பதன் ஏறக்குறைய 45 தான். (வீட்டிற் பாம்பு வளர்க்குமாறு நாம் எழுதவில்லை, தாய்மார் அஞ்ச வேண்டாம்!)

இக்கருவிகள் ஒன்றுமின்றியே இக்கலையை அறிந்தோர் தமிழ்நாட்டு இருளர். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்று, பிழைப்பிழந்த அவர்கள், ரொமுலஸ் விற்றேக்கரின் துணையுடன் 1978 இற் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில், மணலிட்ட மட்பானைகளிற் பாம்புகளை விட்டு, வாயைப் பருத்தித் துணியாற் கட்டி வைக்கின்றனர். துணி காற்றை விடும். பானைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல விடும். வெப்பமும் சட்டென உள்ளே ஏறாது. நம் அடுக்களைத் தண்ணீர்ப் பானை செய்யும் வேலைதான். சில கிழமைகளில் நான்கு தடவை நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுவர். இருளரான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023 இற் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்திய நஞ்செதிர் மருந்துக்கான நஞ்சிற் பெரும்பகுதி இருளர் பானைகளிலிருந்தே சென்று வந்துள்ளது. இலங்கை மருத்துவமனைகளும் நெடுங்காலமாக அம்மருந்தையே நம்பியிருக்கின்றன. படுவான்கரை வயலிற் புடையன் தீண்டி, தோணியிலேற்றி வாவி கடந்து கொண்டுவரப்பட்ட உழவர் எத்தனையோ பேரின் நாளங்களில் ஏறியதும் அதுவே.