வருஷத்துக்கு வருஷம் வளரும் பாவாடை

நவராத்திரி நெருங்கும்போதே, பெண் குழந்தைக்குப் பாவாடை எங்கே வாங்குவது என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடும். டில்லி கரோல்பாக்கிலும் மும்பை தாதரிலும் லெஹங்காவுக்குக் குறைவில்லை. ஆனால் பலவற்றில் நாடாவுக்குப் பதில் ஜிப் இருக்கும். உள்ளே பிரித்துவிடத் துணி இருக்காது. அடுத்த நவராத்திரிக்குள் குழந்தை இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவாள். அத்தோடு அந்த உடைக்கு ஓய்வுதான்.

நம் பாட்டிமார் தைத்த பாவாடை அப்படியல்ல. இடுப்புக்கு நாடா, நீளத்துக்கு டக். இரண்டும் குழந்தையோடு சேர்ந்து வளரும். தையல் மெஷின் இருந்தால் ஒரு மத்தியானத்தில் தைத்துவிடலாம்.

துணி

அம்மாவின் பழைய புடவையே போதும். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில்தான் பட்டு இற்றுப்போகும். அவற்றை விலக்கி, இரண்டரை மீட்டர் நல்ல பகுதியாக எடுங்கள். புதுத்துணி வாங்கினால் நைலானும் பாலியஸ்டரும் வேண்டாம். விளக்குச் சுடர் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பருத்தித் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும்.

அளவு

8 வயதுப் பெண்ணுக்கு இடுப்பு 22 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பட்டி 2 அங்குலம் போக 26. தையலுக்கு ½, இரண்டு டக்குகளுக்கு 4. ஆக 30½ அங்குலம். கரை ஓரத்திலிருந்து மேலே 30½ அங்குலம் அளந்து, புடவையின் நீளவாக்கில் வெட்டுங்கள். கரை கீழே வருவதால் விளிம்பு மடித்துத் தைக்க வேண்டியதில்லை. மிச்சத் துணியில் மறு கரையை வைத்துச் சட்டைக்குக் கை தைக்கலாம்.

பட்டிக்குப் பட்டு வேண்டாம், ஜரிகை உறுத்தும். மெல்லிய பருத்தித் துணியில் 27 அங்குல நீளம், 5 அங்குல அகலம் வெட்டுங்கள். பட்டி அகலமாக இருந்தால்தான் நாடா இடுப்பில் தடம் பதிக்காது.

தைக்கும் முறை

1. கரைக்கு ஒரு சாண் மேலே, உட்புறமாக இரண்டு டக் பிடியுங்கள். ஒவ்வொன்றும் 1 அங்குல ஆழம். பிரிக்கச் சுலபமாக நீளத் தையல் போடுங்கள்.

2. துணியின் இரு ஓரங்களையும் இணையுங்கள். மேலே 5 அங்குலம் திறந்திருக்கட்டும். அந்த ஓரங்களை மடித்துத் தையுங்கள்.

3. பட்டியின் இரு முனைகளையும் அரை அங்குலம் மடித்துத் தையுங்கள். இப்போது நீளம் 26 அங்குலம்.

4. மேல் விளிம்பில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துப் பட்டியின் நீளத்துக்குச் சுருக்குங்கள். கனமான பட்டானால் சுருக்குவதைவிடக் கொசுவம் வைப்பது நல்லது.

5. பட்டியை வெளிப்புறம் வைத்துத் தைத்து, உட்புறம் மடித்து மறுபடி தையுங்கள். முனைகளை மூடிவிடாதீர்கள், நாடா நுழைய வழி வேண்டும்.

6. அரை அங்குலப் பருத்தி நாடாவை ஊக்கில் மாட்டிக் கோத்துவிடுங்கள். இந்தி பேசும் ஊர்களிலும் கடையில் ‘நாடா’ என்றே கேட்கலாம். பட்டியின் நடுவில் நாடாவோடு சேர்த்து ஒரு தையல் போட்டால், துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது.

இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சைக் குழந்தைக்கே பழக்கிவிடுங்கள். பட்டாசு விடும்போது மட்டும் பாவாடை வேண்டவே வேண்டாம்.

ஒரு டக்கைப் பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். பழைய மடிப்பின் கோடு தெரிந்தால் அதன்மேல் ஜரிகை லேஸ் ஒன்று தைத்துவிடுங்கள், பாவாடையும் புதிதாகிவிடும். இடுப்பு 26 அங்குலத்தைத் தாண்டினால் பட்டியை மட்டும் மாற்றினால் போதும். துணியின் சுற்றளவு ஏறக்குறைய 98 அங்குலம் இருக்கிறதே!

பெட்டிக்குள் மடிந்து மடிந்து இற்றுப்போகும் கல்யாணப் புடவை, மகளோடு கொலுவுக்கு நான்கு வீடு போய் வரட்டும்.