புதுச் சக்கரம் வாங்கலாமா?

தோட்டத்துச் சாலைகளில் இன்று ரேஸ் சைக்கிள்களைக் காண்கிறோம். வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், கனமில்லாத உடல். பெரும்பாலும் யாரோ ஓட்டிவிட்டு விற்றதை வாங்கியதுதான். வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் மகனோ மகளோ அடுத்த வேண்டுகோளுடன் வந்து நிற்பதுண்டு. "அப்பா, இந்தச் சக்கரம் கனமாக இருக்கிறது. கார்பன் சக்கரம் போட்டால் இன்னும் வேகமாகப் போகலாம்."

மலேசியாவில் 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். பல கார்பன் சக்கரச் சோடிகளின் விலை அதைத் தாண்டிவிடுகிறது. ஒரு மாத உழைப்பை இரண்டு வளையங்களுக்குக் கொடுக்கலாமா? பிள்ளையைத் திட்டி வாயை அடைப்பதும் சரியன்று. கடன்பட்டு வாங்கிக் கொடுப்பதும் சரியன்று. பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

முதலில் எடை. ஓட்டுபவர் 55 கிலோ, சைக்கிள் 10 கிலோ. மொத்தம் 65 கிலோ. புதுச் சக்கரங்கள் அரை கிலோ குறைவு என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோ என்பது ஒரு சிறு புட்டித் தண்ணீரின் எடை. மொத்த எடையில் அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பத்து நிமிடம் ஏறவேண்டிய மேட்டில் மிச்சமாவது ஐந்து வினாடிக்கும் குறைவுதான். "சுழலும் எடை இரண்டு மடங்கு எடை" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடை, வேகம் பிடிக்கும்போது ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்காகும். சீரான வேகத்தில் ஓடும்போது அந்த வேறுபாடு இல்லை.

அடுத்தது காற்று. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் பலத்தின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தக் காற்றை அதிகமாகத் தடுத்து நிற்பது சக்கரமன்று, ஓட்டுபவரின் உடல். முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டப் பழகினால் வேகம் கூடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்றாவது டயர். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். சக்கரம் உருளும்போது டயர் ஓயாமல் நசுங்கி நிமிர்கிறது. அதில் நம் பலத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. நல்ல டயர் மென்மையாக வளையும், குறைவாகவே வீணாக்கும். பழைய டயரைக் கழற்றி நல்ல டயர் போட்டால், அதே சக்கரம் வேறு சக்கரம்போல ஓடும். செலவோ கார்பன் சக்கரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

டயரின் கதை நம் கதையும்கூட. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1877இல், 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்தன. சைக்கிளும் அதன்பின் மோட்டார் வண்டியும் பெருகவே ரப்பருக்குக் கிராக்கி பெருகியது. மலாயாவில் தோட்டங்கள் பரவின. நம் முன்னோரில் பலர் அவற்றுக்கே வந்தார்கள். இன்றும் பந்தய வீரர்கள் சிலர் இயற்கை ரப்பர்ப் பாலில் செய்த லேட்டக்ஸ் டியூப் போடுகிறார்கள். அது சாதாரண டியூபைவிட இலேசாக உருளும். ஆனால் காற்று விரைவில் இறங்குவதால் ஒவ்வொரு முறை ஓட்டுமுன்பும் காற்றடிக்க வேண்டும்.

டயர் வாங்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். முன்பு 23 மில்லிமீட்டர் டயரைக் கல்போல் காற்றடித்து ஓட்டினார்கள். இப்பொழுது பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். கரடுமுரடான சாலையில் மிகக் கடினமான டயர் துள்ளித் துள்ளியே பலத்தை வீணாக்கும். சட்டத்திலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இடமிருந்தால் 25 அல்லது 28 மில்லிமீட்டர் போடுங்கள்.

அப்படியானால் சக்கரத்தை மாற்றவே கூடாதா? மாற்றியே தீரவேண்டிய நேரமும் உண்டு. சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். நெளிந்து ஓடினால் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? நடு அச்சின் குண்டுகளைப் பார்த்துக் கிரீஸ் போடவேண்டும். இவை சைக்கிள் கடையில் முடிகிற வேலை. ஆனால் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில், பிரேக் கட்டை உரசும் பக்கம் தேய்ந்து உள்வாங்கியிருந்தாலோ, கம்பித் துளைகளைச் சுற்றி வெடிப்பு கண்டாலோ, செலவைப் பார்க்காதீர்கள். அந்த ரிம் இறக்கத்தில் உடைந்தால் பிள்ளை உருப்படியாக வீடு திரும்பாது. உடனே மாற்றுங்கள். அப்போதும் உறுதியான அலுமினியச் சக்கரம் போதும். ரிம் பிரேக் சைக்கிளில் கார்பன் ரிம் போட்டால், மழையில் அலுமினியம் அளவுக்குப் பிரேக் பிடிக்காது. நம் நாட்டு மழையைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குமுன் பொருத்தமும் பார்க்கவேண்டும். டிஸ்க் பிரேக் சக்கரம் ரிம் பிரேக் சைக்கிளுக்கு ஆகாது. அச்சின் அகலமும், பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும். இவற்றைக் கேட்காமல் மலிவு என்று வாங்கினால் பணம் மூலையில் கிடக்கும்.

ஆகவே பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: "இப்போது நல்ல டயர், புதுப் பிரேக் கட்டை, தலைக்கவசம், விளக்கு. ஓர் ஆண்டு விடாமல் ஓட்டு. பந்தயத்தில் கலந்துகொள். அப்போதும் வேகத்துக்குத் தடை சக்கரம்தான் என்று தெரிந்தால், சேர்த்து வைத்து வாங்குவோம்." விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆசையை அடக்குவதற்கல்ல, ஆசை நிலைத்து நிற்பதற்கே இந்தக் கணக்கு. ஓர் ஆண்டு ஓட்டிய கால்களோடு அந்தப் பிள்ளை மறுபடியும் வந்து கேட்டால், அப்போது மறுக்காதீர்கள்.