போர்க்காலக் கடித உறையை விற்கும் முன், வாங்கும் முன்

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில் இரண்டாம் உலகப்போர்க் காலக் கடிதக் கட்டு அகப்பட்டால், பலர் முதல் வேலையாகத் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவற்றில் வழக்கமாக இருக்கும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் போட்ட தலை ஏராளமாக அச்சானது. உரித்தெடுத்தால் பெரும்பாலும் சில ரூபாய்தான் தேறும். சேகரிப்பாளர் விலை கொடுப்பது முழு உறைக்கு. போர்முனைத் தபால் நிலையத்தின் எண் முத்திரை, தணிக்கை அதிகாரியின் முத்திரை, கடிதத்தைப் பிரித்துப் படித்தபின் அவர்கள் ஒட்டிய காகிதப் பட்டை, போர்க்கைதி முகாமின் அடையாளம் எல்லாம் உறையில்தான் இருக்கின்றன. ஒரு சிப்பாயின் கடிதம் எந்த வழியாக வீடு வந்தது என்பதற்கு வேறு சாட்சி பெரும்பாலும் கிடையாது. கிழிந்திருந்தாலும் செலோ டேப் ஒட்டாதீர்கள்.

வாங்குகிறவருக்குப் போலிதான் பெரிய ஆபத்து. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின், கையிருப்பில் இருந்த பிரிட்டிஷ் மலாயாத் தலைகளின் மேலேயே ஜப்பானியர் முத்திரை குத்தி விற்றார்கள். பிறகு 'டாய் நிப்பான் 2602' என்ற மேலச்சு வந்தது. ஜப்பானியரின் ஆண்டுக் கணக்கில் 2602 என்பது 1942. மலிவான தலையில் ஒரு முத்திரை குத்தினாலே விலை ஏறிவிடும் என்பதால் இதில் போலிகள் மலிந்துவிட்டன. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவிலிருந்து சாதாரணத் தபாலில் சென்னைக்கு வந்ததாக ஒரு உறையைக் காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். எதிரிப் பகுதிகளுக்கு இடையே அப்படிப் போக்குவரத்து இல்லை. 1943இல் பெர்லினில் அச்சான 'ஆசாத் ஹிந்த்' தலைகளும் தபால் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. அவற்றை ஒட்டித் தபாலில் போய்வந்த உறை என்று விற்பவரிடம் பேரம் பேசக்கூட வேண்டாம்.

பெரிய தொகை என்றால் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். லண்டன் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு தரும் சான்றிதழில் பொருளின் படம் இருக்கும். முத்திரை விழுந்த இடத்தையும் தலையின் ஓரப் பற்களையும் அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியலில் இருப்பது நல்ல நிலையிலுள்ள தலைக்கு வியாபாரி கேட்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அது கிடைக்காது. ஏலங்களில் உண்மையில் போன விலையைப் பாருங்கள்.

'அசல், 1942' என்று ரசீதில் எழுதி வாங்குவது முக்கியம், ஏனெனில் பிறகு சட்டம் கேட்பது அதைத்தான். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுத்த படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உரையாடல், பணம் அனுப்பிய விவரம், பொட்டலத்தைப் பிரிக்கும் வீடியோ எதையும் அழிக்காதீர்கள்.

வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று உறையைக் கூரியரில் போட்டுவிடுவதும் வம்பு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 வயது ஆனாலே அது தொல்பொருள் ஆகலாம். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. இரண்டாம் உலகப்போர்க் கடிதங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் முடிவே இறுதியானது. அங்கே விண்ணப்பித்து, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கைக்கு வந்தபின் விலை பேசுங்கள்.