விசைப்படகின் என்ஜின் சுழலத் தயங்கினால் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில், மீன் இனவிருத்தியை முன்னிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்னும் தடை அமுலிலிருக்கிறது. முன்னர் 45 நாட்களாயிருந்த இத்தடை 2017-ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாயிற்று. தடை நீங்கியதும் ஐஸும் டீசலும் ஏற்றி, ஆட்களும் ஏறியமர்ந்தபின் சாவியைத் திருப்பினால், என்ஜின் இரண்டு சுற்று சோம்பலாய்ச் சுழன்று நின்றுவிடுவதுண்டு. ஏற்றிய ஐஸ் கரைய, உரிமையாளர் கடன்பட்டுப் புதிய பாட்டரி வாங்கிப் பொருத்துகிறார். அதன் பின்னரும் என்ஜின் முன்போலவே முனகுமாயின், அக்குறை பாட்டரியில் இருந்ததன்று என்பது அப்பொழுதுதான் விளங்குகிறது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ பிஸ்டன் அமுக்குவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. சுழற்சி மெதுவானால் காற்று வளையங்களின் வழியே கசியும். சூடும் சிலிண்டரின் இரும்பில் இறங்கிவிடும். ஆகையால் மெதுவாய்ச் சுழலும் என்ஜினில் டீசல் குழாய்களைக் கழற்றிப் பார்ப்பது வீண் பிரயாசை.

முதலாவது, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கியர் விழுந்திருக்க, விசிறியில் வலைக்கயிறும் சுற்றியிருந்தால் எந்தப் பாட்டரியும் என்ஜினைச் சுழற்றமாட்டாது. அடுத்தது பாட்டரி. நிறைந்த சார்ஜுள்ள 12 வோல்ட்டு பாட்டரி, சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் ஏறக்குறைய 12.6 வோல்ட்டு காட்டும், 12.2 ஆயின் பாதியளவே சார்ஜ் உண்டு. இரண்டு பாட்டரிகளைச் சேர்த்த 24 வோல்ட்டு அமைப்பில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்பொழுது பாட்டரியின் முனையிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின், பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி மறுபடியும் பரீட்சிப்பது அவசியம்.

பாட்டரி நன்றாயிருந்தும் சுழற்சி மந்தமாயிருப்பதே கடற்கரையில் பெரும்பாலும் நேர்வது. உப்புக்காற்றினால் கிளாம்பின் அடியிலும், ஒயரின் உறைக்குள்ளும் பச்சை நிறக் களிம்பு படர்கிறது. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை அற்பமாய்த் தோன்றும். கேபின் விளக்கு அதைப் பொருட்படுத்தாமல் பிரகாசமாய் எரியும். ஸ்டார்ட்டரோ 200 ஆம்பியர் இழுக்குங்கால், அதே தடையில் 2 வோல்ட்டு வீணாகிறது. விளக்கு எரிவதைக் கொண்டு வயர்கள் சரியென்று தீர்மானிப்பவர் ஏமாறுவது இதனாலேதான்.

இதனைக் கண்டுபிடிப்பது கடினமன்று. என்ஜின் கிளம்பாதபடி நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயமுனையிலும் (கிளாம்பில் அல்ல), மற்றதை ஸ்டார்ட்டரின் தடித்த ஒயர் முனையிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் பழுதுண்டு. அவ்வாறே மைனஸ் முனைக்கும் என்ஜினின் சுத்தமான இரும்புக்கும் இடையே சோதிக்கவேண்டும். எர்த் ஒயரைப் பலர் மறந்துவிடுகின்றனர். மீட்டர் இல்லாதவர், சில விநாடிகள் சுழற்றியபின் இணைப்புகளைத் தொட்டுப் பார்க்கலாம். சூடேறிய இணைப்பே குற்றவாளி. மைனஸை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் பூசி, மைனஸைக் கடைசியில் மாட்டவேண்டும். பாட்டரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் அருகில் பீடி கூடாது.

இரு வழிகளும் சுத்தமாயிருந்தால் ஸ்டார்ட்டரின் கரியும் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

ஆனால் என்ஜின் 'டொக்' என்று ஓரிடத்தில் முட்டி அசையாமல் நிற்குமாயின் விஷயம் வேறு. சாவியை மீண்டும் திருப்பலாகாது. சிலிண்டரில் நீர் புகுந்திருக்கக்கூடும். நீர் காற்றைப்போல் அமுங்காது. பலவந்தம் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். நாஸில்களைக் கழற்றி, கையால் மெதுவாய்ச் சுழற்றினால் நீர் வெளியே பீச்சும். ஆயில் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் மாற்றியே தீரவேண்டும். புகையோடு கடல்நீரும் வெளியேறும் அமைப்புள்ள படகுகளில் இவ்விபத்துக்கு ஒரு காரணம் யாதெனில், கிளம்பாத என்ஜினை நெடுநேரம் சுழற்றுவதாம். பம்பு நீரை இறைத்துக்கொண்டேயிருக்க, அதைத் தள்ளப் புகையின் வேகம் இராது. சைலன்சர் நிரம்பி நீர் பின்னோக்கி ஏறுகிறது. கிளம்பாத என்ஜினைச் சுழற்றுகையில் கடல்நீர்க் குழாயை அடைத்துவைத்து, பற்றியவுடன் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் பம்பின் ரப்பர் கருகும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், நடுவில் ஒரு நிமிஷமாவது ஸ்டார்ட்டருக்கு ஓய்வு தருவதும் நன்று.

தடைக்காலத்தில் மைனஸ் ஒயரைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை பாட்டரியைச் சார்ஜ் செய்து, குறைந்தவிடத்து வடித்த நீர் மட்டுமே ஊற்றி, வாரம் ஒருமுறை என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுழற்றிவைத்தால் ஜூன் 15-இல் தொல்லை குறையும். மீட்டரும் ஹைட்ரோமீட்டரும் சார்ஜரும் ஒவ்வொருவரும் வாங்கவேண்டியதில்லை; சங்கக் கட்டிடத்தில் ஒரு தொகுதி வைத்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று அங்கத்தினர்க்கு முறைவைத்துக் கொடுத்தால் போதும்.