தொழுகை மனசை லேசாக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லாது!

ஏர்வாடி தீ கற்றுத் தந்த பாடம்

சென்னை-

மயிலாப்பூர் கச்சேரி ரோடு. ஒரு பக்கம் போனால் கபாலி கோவில். மறுபக்கம் போனால் சாந்தோம் சர்ச். நடுவே ஜும்மா பள்ளிவாசல். பொழுது சாய்ந்ததும் மஃரிப் பாங்கு கேட்கிறது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடுகிறார்கள் வியாபாரிகள்.

"ரெண்டு ரக்அத் தொழுதா மனசு லேசாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது வெறும் பேச்சா?

இல்லை. தினம் 5 வேளை, குறித்த நேரம். கை, முகம், கால் கழுவி ஒளு. பிறகு தோளோடு தோள் சேர்ந்து நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது. கடன், ஆபீஸ் தொல்லை, வீட்டுச் சண்டை எல்லாம் பத்து நிமிஷம் வாசலில் செருப்போடு கிடக்கும்! ஒழுங்கான பழக்கமும், நாலு பேரோடு சேர்ந்திருப்பதும் மனச்சோர்வுக்கு நல்லது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

வஸ்வாஸ்

ஆனால் சிலருக்குத் தொழுகையே வேதனையாகிவிடும். "ஒளு சரியா செஞ்சேனா?" என்று பத்து தடவை கழுவுவார்கள். தொழுததையே திரும்பத் தொழுவார்கள். முஸ்லிம் வீடுகளில் இதை வஸ்வாஸ் என்பார்கள். அளவு மீறினால் இது பக்தி அல்ல, நோய். மாத்திரையும் மனப்பயிற்சியும் குணம் தரும். இப்படிப்பட்ட ஓயாத எண்ணங்களைப் பற்றி அபூ ஸைது அல் பல்கி என்ற அறிஞர் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்!

சங்கிலியில் 28 உயிர்

டாக்டரை விட்டுவிட்டு ஓதிப் பார்ப்பதையே நம்பினால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருகே இருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோரை அரசு பொறுப்பேற்றது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் தடை போட்டது.

தவாவும் துவாவும்

அதே ஏர்வாடியில் பின்னர் "தவா-துவா" திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையும் உண்டு, டாக்டரும் உண்டு. மார்க்கத்துக்கு இது விரோதமும் அல்ல. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர் நபிகள் நாயகம். புத்தி பேதலித்தவருக்குத் தொழுகைக் கடமையே இல்லை என்கிறது மார்க்கச் சட்டம்.

வீட்டில் யாராவது தூங்காமல் தவிக்கிறாரா? தனக்குத் தானே பேசுகிறாரா? "காத்து கருப்பு" என்று மாசக்கணக்கில் அலைய வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் இலவச ஆலோசனை, தமிழிலேயே கிடைக்கும்.

துவாவை விட வேண்டாம். தவாவையும் விட வேண்டாம்!