பெட்டி வரை நடக்கும் தூரம்

நம் ஊர்களில் ஒருவன் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று சேதி வந்தால் எந்த மருந்தென்று யாரும் வினவுவதில்லை. பிணி தீர்ப்பதையும் பயிர் காப்பதையும் உயிர் போக்குவதையும் ஒரே சொல்லால் வழங்கிவரும் ஜனங்கள் நாம். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பத்தார் போலீசுக்கும் அஞ்சி நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. ஏனெனில், 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனை ஓராண்டு வரை சிறையிலிட இடம் தந்தது. கடல் கடந்து அதே இலக்கத்தோடு சிங்கப்பூர்ச் சட்டத்திலும் குடியேறிய அப்பிரிவு, 2020 ஜனவரி முதல் தேதியன்றுதான் அங்கே நீங்கியது.

துயரம் நீங்கிவிடவில்லை. 2022-இல் அந்நகரில் 476 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். முயன்று பிழைத்தவர்கள் அதனினும் பன்மடங்கினர்.

இதைத் தலைவிதியென்று தள்ளுவது பெரும் பிழை. 1995 வாக்கில் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேரை ஆண்டுதோறும் தற்கொலைக்குப் பறிகொடுத்த இலங்கையில், மிகக் கொடிய பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின், யுத்தமும் வறுமையும் தீராதிருந்தபோதே சரியத் தொடங்கிய அம்மரணங்கள், இருபது ஆண்டுகளில் மூன்றில் இரு பங்குக்குமேல் குறைந்தன. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையில் 1986-இல் ‘ஸ்நேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலியோர் செய்த ஏற்பாடு இன்னும் எளியது: பூச்சிமருந்தை வீட்டு மூலையிலிருந்து அகற்றி, ஊர்ப் பொதுவிடத்தில் குடும்பத்துக்கொரு பெட்டியில் பூட்டிவைக்கச் செய்தார்கள். சித்தம் கலங்கும் நேரம் பலருக்குச் சில நிமிஷங்களே நீடிப்பதாகையால், அப்பெட்டி வரை நடக்கும் தூரமும், வழியில் எதிர்ப்பட்டு ‘எங்கேப்பா கிளம்பினே?’ என்று கேட்கும் ஒரு முகமுமே ஒருவனை மீட்டுவிடக் கூடும்.

வயலில்லாத சிங்கப்பூரில் அந்த வழித்துணை எங்கே? 1969-இல் தோன்றிய சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767 என்ற எண்ணில் அல்லும் பகலும் செவிசாய்க்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு ஹெல்த்சர்வ் என்னும் தொண்டு நிறுவனம் மனநல ஆலோசனை தருகிறது. ஆயினும் ஞாயிறு மாலை தேக்காவில், கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து ஊரிலுள்ள குழந்தைக்குச் சிரிப்புக் காட்டிவிட்டு, ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கிய பணத்தின் வட்டியை எண்ணி மௌனமாகிறவன், வாய்திறந்தால் ஊருக்கே அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறான். அவன் முதலில் பேசுவது எந்த எண்ணையும் அழைத்தன்று; விடுதியின் இரண்டடுக்குக் கட்டிலில் மேலே படுத்திருப்பவன், கீழே தூக்கமின்றிப் புரளும் சத்தம் கேட்டு இறங்கி வந்து, “என்ன அண்ணே, ஊர்ல ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான்.